சிவப்புப் பொட்டு வைத்த செருப்பு

அத்தியாயம் 9

"இந்த ரிப்போர்ட்டை இன்னைக்கு எழுதச் சொன்னாலும் இப்படியேதான் எழுதுவீங்களா?"

கேட்டவள் உட்காரக்கூட இல்லை. கையிலிருந்த மூன்று தாள்களை மேசையில் வைத்துவிட்டு நின்றாள். இருபத்தாறு வயதிருக்கும். சாம்பல் நிற முக்காடு, கழுத்தில் அலுவலக அட்டை, சரியாகத் தூங்கிப் பல நாளான கண்கள்.

தாளின் அடியில் தன் கையெழுத்தைப் பார்த்ததும் லோகேஸ்வரிக்கு ஆள் புரிந்துவிட்டது. ஃபரா. ஜவுளிக்கடை அலாவுதீன் பாயின் ஒரே மகள். மாப்பிள்ளைப் பையன் ஐமானைப் பற்றி விசாரித்துச் சொல்லும்படி போன மாதம் அவளுடைய அம்மாவும் அத்தாவும் இந்த மாடிப்படி ஏறி வந்தார்கள். லோகேஸ்வரி விசாரித்தாள், எழுதினாள், கல்யாணம் நின்றது.

"உட்காரும்மா."

"நேரம் இல்லைக்கா. அவரு ஆபீஸ்ல கடல் தாண்டி இருக்குற மிரி கிளைக்கு மாத்தல் கேட்டிருக்காரு. மூணு வருஷம். இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கையெழுத்து, நாளைக்கு பிளைட். நான் போய் நிறுத்தணுமா, போகட்டும்னு விட்டுடணுமா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

"அவர் என்ன சொல்றார்?"

"ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறாரு. அம்மா நேரா நிக்க வெச்சு கேட்டாங்க. சும்மா தரையைப் பார்த்துக்கிட்டு நின்னாரு. தப்பு செய்யாதவன் ஏன் வாயை மூடிக்கிட்டு நிக்கணும்னு அம்மா கேட்குறாங்க. எனக்குப் பதில் தெரியல." ஃபரா கடைசித் தாளைத் திருப்பினாள். அதில் ஒரு புகைப்படம்: ஒரு வீட்டு வாசல்படி, அதில் ஒரு ஜோடி தோல் செருப்பு. பெருநாளுக்கு பாஜு மெலாயு என்கிற மலாய் உடையோடு போடுவார்களே, அந்தச் சப்பால். ஓரத்தில் பச்சை நூல் தையல், குதிகாலில் ஒரு சின்னச் சிவப்புப் பொட்டு.

"இந்தப் பொட்டு நான் வெச்சது. பெருநாளுக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பள்ளிவாசல்ல மாறிடக் கூடாதுன்னு என் நெயில் பாலிஷால நானே பொட்டு வெச்சேன். அதனாலதான் நானும் நம்பினேன். யாரோ ஒரு பொம்பளை வீட்டு வாசல்ல அவர் செருப்பு..." அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள். "நாலு மணிக்குள்ள போன் பண்ணுங்கக்கா. எழுதுவேன்னா எழுதுவேன்னு சொல்லுங்க. நான் எதுவும் கேட்க மாட்டேன்."

அவள் படியிறங்கிப் போனாள்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து சாஹித் தலையை நீட்டினான். முப்பத்துநாலு வயது, ஒல்லி உடம்பு, ஓயாத வாய். இந்தத் துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளன். "எழுதுவோம்னு சொல்லிடலாம்லா அக்கா. அச்சடிச்ச தாளும் மிச்சம்."

"சாஹித்."

"சரி, வாயை மூடிட்டேன்."

லோகேஸ்வரி காலையில் சாப்பிட்ட நாசி கண்டார் பொட்டலத்தின் பழுப்புத் தாளை எடுத்தாள். எண்ணெய் படாத பக்கத்தில் ஒரு மேசை வரைந்தாள். அது அவள் வழக்கம். நீதிமன்றத்தில் பத்தொன்பது வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். அடுத்தவர் வாதத்தையெல்லாம் தன் வாயால் சொல்லிச் சொல்லி, எது நிற்கும், எது வெறும் சத்தம் என்பது அவள் நாக்குக்கே தெரியும். எந்த வாதமும் ஒரு மேசை, அதைத் தாங்குகிற காரணங்கள் கால்கள், ஒவ்வொரு காலையும் தட்டிப் பார்த்த பிறகுதான் மேலே ஏறி நிற்க வேண்டும் என்பாள். ஊரார் மேசையையெல்லாம் தட்டிப் பார்த்த அம்மணி, தன் மேசையை மட்டும் தட்டவில்லை.

"முதல் கால். ரெண்டு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐமானோட காடி டத்தோ கிராமாட்ல அந்தச் சந்து வீட்டு வாசல்ல நின்னுச்சு."

"அக்கா, பின்னாடி தெருவுல பள்ளிவாசல். ஜும்மா நேரத்துல அங்கே காடி நிறுத்த இடம் கிடைச்சா யார் வீட்டு வாசல்னு பார்ப்போமா? மாமியார் வீட்டு வாசலா இருந்தாலும் நிறுத்திட்டு ஓடுவோம்."

"இதைப் போன மாசம் ஏன் சொல்லல?"

"நீங்க கேட்கலையே."

கேட்கவில்லைதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாஹித் தொழுகைக்குப் போய்விடுவான். அன்றைக்குச் சந்தில் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் லோகேஸ்வரி தனியாகத்தான். அவள் முதல் காலின் மேல் ஒரு கோடு கிழித்தாள்.

"அடுத்த கால் நீ வெச்சது. ஜும்மாவுல ஐமானைப் பார்க்கலன்னு சொன்னே."

"பார்க்கலதான். சத்தியமா."

"போன வெள்ளிக்கிழமை யாரையெல்லாம் பார்த்தே, சொல்லு."

சாஹித் யோசித்தான். "வலது பக்கம் ஒரு மீசை. இடது பக்கம் ஒரு அத்தர் வாசனை. முன்னாடி ஒரு முதுகு."

"மொத்தம் எத்தனை பேர் வந்திருப்பாங்க?"

"ஒரு ஆயிரம்..." சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது.

"ஆயிரம் பேர்ல ஒரு மீசையையும் ஒரு முதுகையும் பார்த்துட்டு, ஐமான் வரலைன்னு சொல்லியிருக்கே. நானும் அதை 'வரவில்லை'ன்னு எழுதியிருக்கேன்." இரண்டாவது கோடு விழுந்தது. "அந்த வீட்ல ஒரு பொம்பளை தனியா இருக்காங்க, வெள்ளிக்கிழமை ஒரு ஆம்பளை சாப்பாட்டோட வருவாருன்னு எதிர்வீட்டு குணாளன் சொன்னார். அந்தப் பொம்பளைக்கு என்ன வயசு?"

"சின்ன வயசு. அழகா..."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா நினைச்சுக்கிட்டேன்."

"நானும்தான்."

மேசைக்கு இப்போது ஒற்றைக் கால்தான் மிச்சம். சிவப்புப் பொட்டு. அது அசையவில்லை. செருப்பு ஐமானுடையது என்று முன்பே அவன் பிளாட் வாசலில் பார்த்துக் குறித்து வைத்திருந்தாள். ஃபராவும் அடித்துச் சொல்கிறாள்.

"செருப்பு அங்கே இருந்தா ஆள் அங்கே," என்றாள் மெதுவாக. பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "ஃபரா இப்ப என்ன சொன்னா? மாறிடக் கூடாதுன்னு பொட்டு வெச்சேன்னா. அப்படின்னா மாறும்."

"மாறுமாவா! போன வருஷம் புதுச் செருப்போட போய் எவனோட பழைய ஜப்பான் சிலிப்பரோடயோ திரும்பி வந்தேனே, நீங்ககூட விழுந்து விழுந்து சிரிச்சீங்களே. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் படியில இதெல்லாம் சகஜம்லா. இப்பக்கூட, ஒரு மாசம் இருக்கும், கூட்டமெல்லாம் போன பிறகு ஒருத்தன் படியில மேலயும் கீழயும் தேடிக்கிட்டே இருந்தான். 'பாய், என் செருப்பைப் பார்த்தீங்களா'ன்னு கேட்டான். நான் சொன்னேன், 'தம்பி, சொர்க்கத்துக்கு வெறுங்கால்லதான்லா விடுவாங்க. நீ பாதி தூரம் வந்துட்டே!'" சாஹித் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான்.

லோகேஸ்வரி சிரிக்கவில்லை. "பொட்டு வெச்ச ஜோடியை ஒருத்தர் தெரியாம எடுத்துப் போடணும்னா, அவர்கிட்டயும் அச்சா அதே மாதிரி ஒரு ஜோடி இருக்கணும். சரியா?"

"சரி."

"அப்ப அவரோட ஜோடி படியில மிஞ்சியிருக்கணும். மிஞ்சினது எங்கே போயிருக்கும்?"

சாஹித் ஏற்கனவே காடிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

* * *

ஐமான் குடியிருந்த சுங்கை பினாங் பிளாட்டில் காடியை விட இடமில்லை. சாஹித் இரட்டை வரிசையில் நிறுத்திக்கொண்டு கீழேயே இருந்தான். லிப்ட் வேலை செய்யவில்லை. லோகேஸ்வரி நாலு மாடி ஏறினாள். மூச்சு வாங்கியது படியாலா, மனசாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே பாதி கட்டிய பெட்டி. ஐமான் ஒரு சட்டையை மடித்துக்கொண்டிருந்தான். கண்ணாடி போட்ட அமைதியான முகம். நிமிர்ந்து பார்த்து, யார் என்று கேட்கவில்லை.

"நீங்கதானே அக்கா ரிப்போர்ட் எழுதினவங்க. அன்னைக்கு என் பிளாட் வாசல்ல நின்னு தவறான வீட்டுக்கு வந்துட்டேன்னு சொன்னீங்க."

"ஆமா தம்பி. அன்னைக்கு அந்த வீட்டுக்குள்ள இருந்தது நீங்கதானா?"

அவன் சட்டையின் கையை இன்னொரு தரம் மடித்தான். "எழுதி முடிச்சிட்டீங்களே. இப்ப வந்து கேட்குறீங்க."

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். அது வெறும் களைப்பாக இருந்தது. லோகேஸ்வரி தலையைக் குனிந்தாள். குனிந்த இடத்தில், கதவோரம், ஒரு ஜோடி சப்பால் வெளியே பார்த்தபடி நேராக வைக்கப்பட்டிருந்தது. அதே பழுப்புத் தோல், அதே பச்சை நூல் தையல். குதிகாலில் பொட்டு இல்லை.

"இது யாரோடது?"

"யாரோடதோ அவங்க வந்து எடுத்துக்கலாம். ஒரு மாசமா அங்கேதான் இருக்கு." ஐமான் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டான். "கல்யாணம் நின்ன பிறகு இந்த வாசலுக்கு யாரும் வரல. வந்திருந்தா பார்த்திருப்பாங்க."

கீழே இறங்கும்போதே லோகேஸ்வரி ஃபராவை அழைத்தாள். எடுக்கவில்லை. கூட்டத்தில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று செய்தி வந்தது. 'அந்தச் சப்பாலை எங்கே வாங்கினீர்கள், மொத்தம் எத்தனை ஜோடி?' என்று எழுதி அனுப்பினாள்.

"கிடைச்சுதா?" என்றான் சாஹித்.

"கிடைச்சுது. ஒரு மாசமா வாசல்லயே வெச்சிருக்கான். போட்டோ எடுத்த பிறகு நான் இன்னொரு தரம் இந்த மாடி ஏறியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

சாஹித் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வந்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

* * *

டத்தோ கிராமாட் சந்தில் அதே வீட்டுக்கு எதிரே, போன மாதம் காத்திருந்த அதே இடத்தில் லோகேஸ்வரி காத்திருந்தாள். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. சாஹித் தொழுகைக்குப் போயிருந்தான். ஒலிபெருக்கியில் குத்பா பிரசங்கம் கேட்டது. வெயில் காடிக் கூரையைப் பழுக்கக் காய்ச்சியது.

அன்றைக்கும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை சந்து முனைக்குப் போய்த் தண்ணீர் வாங்கி வந்தாள். திரும்பி வந்து பார்த்தால் வாசலில் செருப்பு இருந்தது. யார் கழற்றி வைத்தது என்று பார்க்கவில்லை. இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் புகைப்படம் எடுத்தாள். அந்த நேரம் பார்த்துச் அபராதச் சமான் எழுதுகிற ஆள் சந்துக்குள் திரும்பினான். பயந்துபோய் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆதாரம்தான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன என்று வழியில் ஒரு தே தாரிக் வேறு குடித்தாள். நாலு மணிக்கெல்லாம் ரிப்போர்ட் ஃபராவின் அம்மாவுடைய போனுக்குப் போய்விட்டது. பதினைந்து நிமிடம் பொறுத்திருந்தால் உள்ளே இருந்தவர் வெளியே வந்திருப்பார். ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு அவள் கொடுக்க மறுத்தது அந்தப் பதினைந்து நிமிடம்.

தொழுகை முடிந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சாஹித் பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு வந்து காடியில் ஏறினான். பைக்குள் அவன் செருப்பு. "இன்னைக்கு யாரையும் நம்பல அக்கா. உள்ளேயே எடுத்துட்டுப் போயிட்டேன்."

போன் அடித்தது. ஃபரா.

"அக்கா, அது கடையில வாங்கினது இல்லை. புக்கிட் மெர்தாஜாம்ல ஒருத்தர் கையால தைச்சுக் கொடுப்பாரு. பச்சை நூல் போடச் சொன்னது நான்தான். வேற யாருக்கும் அப்படிப் போட்டதில்லைன்னாரு. ரெண்டே ரெண்டு ஜோடி. ரெண்டும் ஒரே அளவு."

"ஒண்ணு ஐமானுக்கு. இன்னொண்ணு?"

"அத்தாவுக்கு. அத்தாவோடதுல பொட்டு வைக்கல. நான் என்ன சின்னப் பிள்ளையான்னாரு. இப்ப அதைப் போடுறதே இல்லை, கால் வலிக்குதாம். ஜப்பான் சிலிப்பர்தான் போட்டுட்டுப் போறாரு. ஏன்க்கா?"

சந்தின் முனையில் ஒருவர் திரும்பி வந்துகொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி, தொழுகைச் சட்டை, கையில் சோற்றுப் பொட்டலம், காலில் நீல ஜப்பான் சிலிப்பர். வாசலில் சிலிப்பரைக் கழற்றி, கதவைத் தட்டாமலே உள்ளே போனார்.

"அம்மாடி," என்றான் சாஹித். "விசாரிக்கச் சொன்னவரே வந்து நிக்கிறாரு."

"கொஞ்ச நேரத்துல கூப்பிடுறேன் ஃபரா," என்று லோகேஸ்வரி போனை வைத்தாள்.

"அப்ப இவருக்குத்தான் சின்ன வீடா அக்கா?"

"திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா? வா, கேட்போம்."

* * *

உள்ளே கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளுக்கு அறுபது வயதிருக்கும். கை வீங்கி, டயாலிசிஸ் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அலாவுதீன் பாய் ஸ்டூலில் உட்கார்ந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற இருவரையும் பார்த்ததும் அவர் விரல்கள் மீனிலேயே நின்றுவிட்டன.

"யாருண்ணே?" என்றாள் அவள், கண்ணைச் சுருக்கி. பார்வை பாதிதான் போலிருக்கிறது.

"கடைக்காரங்க," என்றார் அவர்.

"உட்காரச் சொல்லுண்ணே. நான் இவரு தங்கச்சிங்க, ஆசியா பீவி. புக்கிட் மெர்தாஜாம்ல இருந்தேன், வைத்தியத்துக்காக ரெண்டு வருஷமா இங்கே. வெள்ளிக்கிழமை ஆனா அண்ணன் சோறு கொண்டாந்துடும்." அவள் சிரித்தாள். "அண்ணே, கேட்கணும்னு இருந்தேன். நம்ம ஃபரா கல்யாணம் முடிஞ்சிருக்குமே? சோறு ஒரு பிடி எனக்குக் கொண்டாறேன்னியே. மறந்துட்டியா?"

அலாவுதீன் பாய் எழுந்து வெளியே வந்தார். மீன் ஒட்டிய கையைக் கழுவக்கூட இல்லை.

சந்து நிழலில் நின்று அவர் சொன்னது சின்னக் கதைதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு விசேஷத்தில், ஆசியா பீவி தன் அண்ணியை ஊரார் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அன்றைக்கு அலாவுதீன் பாய் தன் மனைவிக்குக் குர்ஆன் மேல் சத்தியம் செய்தார், தங்கச்சி வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று. அவள் சாகக் கிடக்கிறாள் என்று தெரிந்ததும் மிதித்துவிட்டார். மனைவிக்குத் தெரியாது.

"அன்னைக்குச் சோறு ஆறிடுமேன்னு அவசரம்மா. படியில கிடந்ததை மாட்டிக்கிட்டு ஓடியாந்தேன். பொட்டையெல்லாம் யார் பார்த்தா? வீட்டுக்குப் போனா போட்டோவைப் பார்த்து ரெண்டு பேரும் அழுதுகிட்டு இருக்காங்க. இந்த வாசல். எனக்கு ஒரே இருட்டா வந்துச்சு. அது நான்தான்னு சொன்னா என் பொஞ்சாதி முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அதனால ஐமான் முழிக்கட்டும்னு விட்டீங்க," என்றாள் லோகேஸ்வரி.

"அந்தப் பையன் ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னானா? சொல்லலையே! ஒரு சொல்லு சொல்லியிருந்தா நானும் வாயைத் திறந்திருப்பேன். என் மகளுக்காக வாய் திறக்காதவன் நாளைக்கு அவளை எப்படிக் காப்பாத்துவான்? அவன் போறதே நல்லதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

போன மாதம் கேட்டிருந்தால் அந்த வாதம் லோகேஸ்வரிக்குக்கூடச் சரியாகப் பட்டிருக்கும். மறுக்காதவனுக்கு மறுக்க ஒன்றுமில்லை என்பதுதான் அதன் ஒரே கால். அந்தக் காலை ஃபராவின் அம்மாவும் பிடித்துக்கொண்டாள், இவரும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, உங்க சப்பால் இப்ப எங்கே இருக்கு?"

"தெரியலைம்மா. பள்ளியில எவனாவது எடுத்திருப்பான்."

"ஐமான் வீட்டு வாசல்ல இருக்கு. பச்சை நூல் தையல் இந்தத் தீவுல ரெண்டே ஜோடி. ஒண்ணு தன்னோடது, காணோம். இன்னொண்ணு படியில மிஞ்சிக் கிடக்குது. தன் செருப்பு இந்த வாசல்ல இருந்த போட்டோவைக் காட்டினதுமே, உள்ளே இருந்தது யாருன்னு அவனுக்குப் புரிஞ்சுபோச்சு. மறுத்தா உங்க பேரைச் சொல்லணும். அதான் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னான். ஒரு மாசமா உங்க செருப்பை வாசல்ல வெச்சுக் காத்துக்கிட்டு இருக்கான்."

அலாவுதீன் பாய் மீன் ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

சாஹித் தொண்டையைக் கனைத்தான். எப்போதும் இருக்கும் கேலி அவன் குரலில் இல்லை. "பாய், சத்தியத்தை மீறினதுக்குப் பரிகாரம் இருக்கு. பத்து ஏழைக்குச் சாப்பாடு போடணும், எந்த ஹஜ்ரத்தைக் கேட்டாலும் சொல்வாரு. அடுத்தவன் பேரைக் கெடுத்ததுக்கு எத்தனை பேருக்குச் சாப்பாடு போட்டாலும் தீராது. அவன்கிட்டயே போய் நிக்கணும். நாங்களும்தான் நிக்கணும்."

அவர் உள்ளே போனார். தங்கச்சிக்கு மிச்ச மீனையும் முள் எடுத்து ஊட்டிவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். உள்ளே பொட்டு வைத்த ஜோடி.

காடியில் போகும்போது மனைவிக்குப் போன் செய்தார். முன்னால் இருந்த இருவருக்கும் அவர் பக்கம் மட்டும்தான் கேட்டது. "ஆமா... நான்தான்... ஆமா, ரெண்டு வருஷமா... இல்லைம்மா, அந்தப் பையன் இல்லை, நான்... அழாதே... ஃபராகிட்ட குடு." லோகேஸ்வரி தன் போனை எடுத்து ஃபராவுக்கு ஒரே வரி எழுதினாள்: 'எழுத மாட்டேன். அன்றைக்கே எழுதியிருக்கக் கூடாது.'

* * *

நாலு மணி இருபது. ஐமான் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பத் தயாராக நின்றான். அலாவுதீன் பாய் மூச்சிரைக்கக் குனிந்து, பொட்டு வைத்த ஜோடியை அந்த இன்னொரு ஜோடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மாத்திப் போட்டுட்டேன் தம்பி."

"தெரியும் மாமா."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு நினைச்சேன்."

அலாவுதீன் பாய் படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். ஐமான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். லோகேஸ்வரி மன்னிப்புக் கேட்டாள். பத்தொன்பது வருஷம் இரண்டு மொழியில் பேசிய வாய்க்கு அந்த ஒரு வார்த்தை சரியாக வரவில்லை. ஐமான் தலையை மட்டும் ஆட்டினான். அது மன்னித்ததற்கா, கேட்டுக்கொண்டதற்கா என்று அவள் முடிவு கட்டவில்லை.

அப்போதுதான் அவன் சாஹித்தைக் கவனித்தான். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தான்.

"பாய், உங்களை எனக்குத் தெரியுமே."

"என்னையா? நாம பார்த்ததில்லை தம்பி," என்றான் சாஹித்.

"அன்னைக்குப் பள்ளிவாசல்ல. அரை மணி நேரம் தேடினேன், கடைசியா உங்ககிட்டதான் கேட்டேன். சொர்க்கத்துக்கு வெறுங்கால்லதான்லா விடுவாங்கன்னு சொன்னீங்க."

ஜும்மாவில் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தவன் அவன். பார்த்தது மட்டுமா, பேசியும் இருக்கிறான். முகத்தைப் பார்க்கவில்லை, வெறுங்காலைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்துவிட்டான்.

"நல்ல ஜோக் பாய்," என்றான் ஐமான். உண்மையாகவே சொன்னான். "ஃபராகிட்ட சொல்லிச் சிரிக்கணும்னு சாயங்காலம் போன் பண்ணினேன். அவ எடுக்கல."

சாஹித் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்குவதை லோகேஸ்வரி பார்த்தாள். ஆறுதல் சொல்லத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அவனருகே போகவில்லை.

கீழே படியில் யாரோ வேகமாக ஏறி வரும் சத்தம் கேட்டது. ஃபராவாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதோடு நிற்காமல், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

ஃபராதான்.